திறப்போடு ஏழு லட்சம்

பொய்யே பேசாத மனுசன் என்று யாரையாவது என்னிடம் புகழ்ந்து சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படி ஒருவரை எனக்குத் தெரியும். பதினாறு வருடம் தெரியும். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒரு ஒழுங்கையில் நான் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். அவர் எதிர்த்த மாடிக்கட்டடத்தில் மூன்றாம் மாடியில் இருந்தார். பழைய சாமான்களுக்கு விலை மதிப்பதும் வாங்கி விற்பதும் தொழில். காலை ஒன்பது மணிக்கு நெற்றி நிறைய விபூதியோடு வந்து என் கடைக் கதிரையில் உட்கார்ந்தால், மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழும்புவார்.

என் கடையில் அவருக்கு என்ன வேலை என்று முதல் ஒரு வருடம் எனக்கு விளங்கவில்லை. தேத்தண்ணிக்கு வருகிறார் என்று நினைத்திருந்தேன். பிறகுதான் பிடிபட்டது. கனடாவுக்கும் லண்டனுக்கும் ஒரேயடியாகப் போகிற சனம் பாஸ்போட்டையும் பிறப்புச் சான்றிதழையும் வீட்டு உறுதியையும் கொப்பி எடுக்க என்னிடம்தான் வரும். போகிற சனம் வீட்டுச் சாமானை விற்கும். இவர் பேப்பருக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு காதை மட்டும் வெளியே விட்டிருப்பார். கொஞ்ச நாளில் அவர் காதை நீட்டவும் தேவையில்லாமல் போயிற்று. "அண்ணை, அங்கால ஒழுங்கையில ரீச்சர் வீட்டுக்காரர் போகினமாம்" என்று நானே சொல்லத் தொடங்கிவிட்டேன். அதற்கு ஒரு சதம் நான் வாங்கியதில்லை. சும்மா ஒரு புளுகம், ஒரு சந்தோசம்தான். அவரோடு போய் நின்று வேடிக்கை பார்ப்பதில் எனக்கு அவ்வளவு விருப்பம்.

அவர் சாமான் பார்க்கிற விதமே தனி. ஒன்றையும் புகழமாட்டார், பழிக்கவும் மாட்டார். சட்டைப் பையில் நூலில் கட்டிய சின்னக் காந்தம் ஒன்று இருக்கும். பித்தளை என்று சொல்கிற சாமானுக்குக் கிட்ட அதைத் தொங்கவிடுவார். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே பூச்சு. ஒட்டினாலும் ஒட்டாவிட்டாலும் அவர் முகத்தில் ஒன்றும் தெரியாது. காந்தத்தைச் சுருட்டிப் பையில் போட்டுவிட்டு, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, "நீங்கள் சொல்லுங்கோ, என்ன எதிர்பாக்கிறியள்?" என்பார். அதற்குப் பிறகு வாய் திறக்கமாட்டார். வீட்டுக்காரர் தாங்கமாட்டாமல் ஏதாவது ஒரு தொகையைச் சொல்லும்வரை தலைக்கு மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருப்பார். "முதல்ல விலை சொல்லுறவன் தோத்தவன், தம்பி" என்பது அவருடைய வேதம்.

இதெல்லாம் எந்த வியாபாரியும் செய்வதுதான். அவருடைய விசேஷம் அதற்குப் பிறகு வருவது. சாமானுக்குக் காசு கொடுத்து, வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு அவர் மட்டும் வீட்டு வாசலில் நிற்பார். வண்டி சந்தி திரும்பியதும், விற்ற ஆளைப் பார்த்து அந்தச் சாமானின் உண்மையான விலையைச் சொல்லுவார். கூட்டாமல் குறைக்காமல் சொல்லுவார்.

நான் சொன்னேனே, அந்த ரீச்சர். ஓய்வுபெற்றவர், ரொறன்ரோவில் மகளிடம் போகிறார். அவரிடம் ஒரு சுவர்மணிக்கூடு இருந்தது. ஃபேன் பார்க்கிற வேலை இரண்டு நிமிடம்தான் நடந்தது. "ஐயாயிரம் தருவியளோ?" என்றார் ரீச்சர். "ஆறு தாறன்" என்றார் இவர். கேட்டதை விட ஆயிரம் கூட. ரீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்கள் நல்லாயிருப்பியள்" என்று வாழ்த்தி, இரண்டு பேருக்கும் கேக்கும் வாழைப்பழமும் தந்தார். மணிக்கூட்டை ஓட்டோவில் வைத்து அனுப்பினோம். ஓட்டோ சந்தி திரும்பியது.

"ரீச்சர், அது ரெண்டு லட்சம் பெறும்" என்றார் இவர். "உள் மெசின் ஜேர்மன்காரன்ர."

ரீச்சர் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். "முதலே சொல்லியிருக்கலாமே?"

"நீங்கள் கேக்கேல்லையே."

எனக்கு வெட்கமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. கடைக்கு வந்து வயிறு நோகச் சிரித்தேன். வந்த போன ஆட்களுக்கெல்லாம் ரீச்சர் கேற்றைப் பிடித்த மாதிரியை நடித்துக் காட்டினேன். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

ஒருமுறை நான் கேட்டேன். "ஏன் அண்ணை பிறகு போய்ச் சொல்லுறியள்? சொல்லாம விட்டால் அதுகள் சந்தோசமா இருக்குங்களே."

"பொய்யிலயோ சந்தோசமா இருக்கச் சொல்லுறாய்?" என்றார். "நான் என்ர சீவியத்தில ஒருத்தருக்கும் பொய் சொன்னதில்லை. தெரிஞ்சதைச் சொல்லாம விட்டால் அதுவும் பொய்தான், தம்பி."

அவர் நக்கலுக்குச் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னார். காசுக்காக மட்டும் செய்திருந்தால் அவரை எனக்கு இலகுவாக விளங்கியிருக்கும். எங்கள் ஒழுங்கையில் ஒரு பெரியவர் இறந்தபோது, தேக்குப் பெட்டி என்று மகன் கடன்பட்டு வாங்கியிருந்தான். கனத்தைச் சுடலையில் எரித்துவிட்டு எல்லோரும் ஒரே வான் வண்டியில் திரும்பி வருகிறோம். "தம்பி, பெட்டி தேக்கில்லை. அல்பீசியா. நிறம் அடிச்சிருந்தது" என்று அந்த மகனிடம் சொன்னார். அந்தப் பெடியன் அழுது வீங்கிய முகத்தோடு அவரையே பார்த்தான். 

சொந்த மகனையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஒரே மகன். கலியாணத்தில் தாலி கட்டி, எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருக்கிற நேரத்தில், பெண் வீட்டார் போட்ட நகையில் பாதி மட்டத் தங்கம் என்று மகனைக் கூப்பிட்டுச் சொன்னார். பெண்ணின் தகப்பனும் பக்கத்தில் நின்றார். கட்ட முதலே அவருக்கு அது தெரியும். மகன் அடுத்த வருடம் மெல்பனுக்குப் போனவன்தான், தாயின் செத்தவீட்டுக்குக்கூட வரவில்லை. "உண்மை சொன்னால் உறவு நிக்காது" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். நானும் அதற்குத் தலையாட்டினேன்.

இனி என் அக்காவின் விசயம்.

அக்கா கொட்டாஞ்சேனையில், நாங்கள் பிறந்து வளர்ந்த வாடகை வீட்டின் கீழ்த்தட்டில் தனியாக இருக்கிறாள். கலியாணம் கட்டவில்லை. கோயிலில் முதல் நன்மை எடுக்கிற கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை தைப்பாள். லேஸ் வைத்து, கழுத்தில் சின்னச் சின்னப் பூ எடுத்து அவள் தைக்கிற சட்டைக்கு வத்தளையில் இருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். அந்த வீட்டில் ஒரு இரும்புப் பெட்டகம் இருந்தது. அப்பா துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு கப்பல் கொம்பனியில் காசாளராக இருந்தவர். கொம்பனி இடம் மாறும்போது, அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு போக மனமில்லாமல் அவரிடமே கொடுத்துவிட்டார்கள். துறைமுகத்து ஆட்கள் எட்டுப் பேர் இரும்புக் குழாய்களின் மேல் வைத்து உருட்டிக்கொண்டு வந்தார்களாம்.

இங்கிலாந்தில் செய்தது. கதவில் ஒரு பித்தளைத் தகடு, அதில் ஒரு இலக்கம். அதே இலக்கம் பூட்டைத் திறக்கிற திறப்பின் தலையிலும் வெட்டியிருக்கும். அந்தப் பூட்டோடு பிறந்த திறப்பு அது, பிறகு செய்தது இல்லை. எங்கள் வீட்டில் அதற்குள் வைத்துப் பூட்டுகிற மாதிரிப் பெறுமதியான ஒன்றும் ஒருநாளும் இருந்ததில்லை. அக்கா லேஸும் பொத்தானும் நூற்கட்டையும் வைத்திருந்தாள். கதவு எப்போதும் ஒரு சாண் திறந்தே கிடக்கும். திறப்பு திருஇருதயப் படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கும்.

ஐந்து வருடத்துக்கு முன் ஒரு நாள் அக்காவின் வலது கண்ணில் கறுப்புத் திரை மாதிரி ஒன்று இறங்கியது. கண்ணுக்குள்ளே திரை கழன்று வருகிறது, இரண்டு கிழமைக்குள் ஒப்பரேசன் செய்யாவிட்டால் அந்தக் கண் போய்விடும் என்று டொக்டர் சொன்னார். அரசாங்க ஆஸ்பத்திரியில் வரிசை மூன்று மாதம். பிரைவேற்றில் ஐந்து லட்சம். என்னிடம் இருந்ததையும் அக்காவின் சங்கிலியையும் சேர்த்தால் ஒரு லட்சம் தேறும். கடையை ஈடு வைத்துக் காசு எடுக்க இரண்டு கிழமை போதாது. விற்க எங்களிடம் இருந்த ஒரே சாமான் அந்தப் பெட்டகம்.

நான் அவரிடம்தான் சொன்னேன். வேறு யாரிடம் சொல்ல? விலை தெரிந்த மனுசன், பொய் சொல்லாத மனுசன். கண்ணைச் சொன்னேன், இரண்டு கிழமையைச் சொன்னேன், ஐந்து லட்சத்தையும் சொன்னேன். விற்கிறவன் தன் அவசரத்தைக் காட்டக்கூடாது என்று வருடக்கணக்காக அவர் வாயாலேயே கேட்டவன் நான். ஆனால் ரீச்சர் யாரோ, நான் யாரோவா? என் கடைத் தேத்தண்ணியை அத்தனை வருடம் குடித்த மனுசன். எனக்கு மட்டும் வேறு ஆளாக இருப்பார் என்று நினைத்தேன். மடையன்.

அவர் புதன்கிழமை வருவதாகச் சொன்னார். செவ்வாய்க்கிழமை அக்கா பூசைக்குப் போனாள். பெட்டகம் நல்ல விலைக்குப் போகவேண்டும் என்று நேர்ந்துகொண்டாள். எங்கள் பக்கத்தில் கால் சுகமாக நேர்ந்தால் வெள்ளியில் கால் செய்து போடுவார்கள், வீடு அமைய நேர்ந்தால் வெள்ளியில் வீடு. பெட்டகத்துக்கு என்ன போடுவது? வெள்ளிக்கு அவளிடம் காசு ஏது? ஆணியில் தொங்கிய திறப்பைக் கழற்றி, புளி போட்டு மினுக்கி, நன்மைச் சட்டைக்குக் கட்டுகிற வெள்ளை ரிபனைக் கட்டி, காணிக்கைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள். கதவுதான் திறந்து கிடக்கிறதே, திறப்பால் யாருக்கு என்ன என்று நினைத்திருக்கிறாள். விற்கிற சாமானின் உயிரையே அதை விற்றுத்தரச் சொல்லிக் காணிக்கை கொடுத்தவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

புதன்கிழமை அவர் வந்தார். காந்தத்தைப் பித்தளைத் தகட்டுக்குக் கிட்டத் தொங்கவிட்டார். ஒட்டவில்லை. குனிந்து இலக்கத்தைப் பார்த்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"திறப்பு எங்க, தங்கச்சி?"

"கோயிலுக்குக் குடுத்திட்டன், அண்ணை. நல்ல விலை வரட்டும் எண்டு நேர்ந்தனான்."

அவர் கையில் கிளாஸை வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். "நேர்ந்ததைத் திருப்பிக் கேக்கலாமோ?"

அக்கா நெஞ்சில் கை வைத்தாள். "ஐயோ, அது பாவம், அண்ணை. குடுத்தது குடுத்ததுதான்."

"ஓம், ஓம். குடுத்தது குடுத்ததுதான்" என்றார். பிறகு, "திறப்பில்லாத சேஃப் இரும்பு, தங்கச்சி. கிலோ கணக்குத்தான்" என்றார்.

அதிலும் பொய் கிடையாது. கொழும்பில் எந்த வியாபாரியைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவான். அக்கா என்னைப் பார்த்தாள், நான் அவரைப் பார்த்தேன், அவர் ஃபேனைப் பார்த்தார். "ஒரு அம்பதாயிரமாவது தருவியளோ?" என்றாள் அக்கா. நாற்பத்தைந்து கொடுத்தார். ஐந்து லட்சத்துக்கு அது எந்த மூலைக்கு? ஆனாலும் வருவதை விட முடியாத நிலை. வியாழக்கிழமை லொறி வந்து ஏற்றிக்கொண்டு போனது. அவர் வாசலில் நின்று பேசவில்லை, லொறியோடேயே ஏறிப் போய்விட்டார். அக்காமேல் இரக்கப்பட்டுத்தான் சொல்லாமல் போகிறார் என்று நான் நினைத்தேன்.

முந்தின நாள், புதன்கிழமை திரும்பி வரும்போதே ஓட்டோவில் ஒன்று கேட்டிருந்தார். "எந்தக் கோயில், தம்பி? அங்க காணிக்கைச் சாமானை என்ன செய்வினம்?" பாழாய்ப்போன வாய், ஒன்றுவிடாமல் சொன்னேன். மாதக் கடைசி ஞாயிறு, இரண்டாம் பூசை முடிய, கோயில் வளவிலேயே ஏலம் போடுவார்கள். கோழி, தேங்காய், சேலை, பித்தளைச் சாமான் எல்லாம் போகும். "அப்ப இந்த ஞாயிறு" என்றார். "ஓம் அண்ணை, இந்த ஞாயிறுதான்" என்றேன். அவருக்கு எங்கள் கோயில் வழக்கமெல்லாம் தெரிந்துகொள்ள விருப்பம் என்று எனக்கு ஒரு சந்தோசம்.

திங்கட்கிழமை பின்னேரம் நான் அக்காவோடு இருக்கும்போது அவர் கொட்டாஞ்சேனைக்கு வந்தார். கையில் ஒரு பைக்கற் பிஸ்கட். கதிரையில் இருந்து வேர்வையைத் துடைத்துவிட்டு, மடிச் சீலையில் சுற்றிய ஒன்றை எடுத்துத் தையல் மெசினின் மேல் வைத்தார். திறப்பு. ரிபன்கூட அவிழ்க்கவில்லை.

"நேற்று ஏலத்தில முந்நூற்றைம்பதுக்கு எடுத்தனான். ஒருத்தரும் கூட்டிக் கேக்கேல்லை" என்றார். "இப்ப திறப்போட ஏழு லட்சம் பெறும், தங்கச்சி. உங்களுக்குத் தெரிஞ்சிருக்க வேணும் எண்டுதான் வந்தனான்."

அக்கா அழவில்லை. திறப்பைத் தொடவுமில்லை. "கண்ணுக்கு அஞ்சுதான் கேட்டவை, அண்ணை" என்றாள்.

"ஓம், தம்பி சொன்னவன்."

"இன்னும் ஆறு நாள் இருக்கு."

"குடுத்தது குடுத்ததுதான் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்" என்றார்.

நான் பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்தேன். "நீங்கள் ஒரு மனுசனோ?" என்று கேட்டேன். வேறு என்னென்னவோவும் கேட்டேன், அதெல்லாம் எழுதுகிற வார்த்தை இல்லை. அவர் பதறவில்லை. "கையை எடு தம்பி, பொத்தான் அறும்" என்றார். "நான் என்ன பொய் சொன்னனான் எண்டு சொல்லு. ஒரு பொய் சொல்லு பாப்பம்." யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. திறப்பைச் சுற்றி எடுத்துக்கொண்டு, பிஸ்கட்டை மேசையில் விட்டுவிட்டுப் போனார். பொத்தான் அறுந்துதான் இருந்தது. அக்கா பழக்கதோஷத்தில் அதைத் தேடி எடுத்துப் பொத்தான் பேணிக்குள் போட்டாள்.

அந்தக் கண் போயிற்று.

நான் கடையில் அவருடைய கதிரையை எடுத்து உள்ளே போட்டேன். அடுத்த நாள் அவர் வீட்டிலிருந்து மடக்குக் கதிரை ஒன்றைக் கொண்டுவந்து கடைக்கு வெளியே விரித்து இருந்தார். ஒழுங்கை என் அப்பன் வீட்டுச் சொத்தா, எழும்பச் சொல்ல? நாலு வருடம் அப்படியே இருந்தார். "காலை வணக்கம் தம்பி" என்பார். நான் மெசினோடு பேசிக்கொண்டிருப்பேன். பெட்டகம் அவருடைய கட்டடத்தில் கார் விடுகிற இடத்தில், தூணுக்குப் பக்கத்தில் நின்றது. அதை அவர் விற்கவில்லை. பார்க்க வந்த ஆட்களிடம் அவர் விலை சொல்லவில்லை, சல்லி நெருக்கடியான காலத்தில் வந்தவர்களும் முதலில் சொல்லத் துணியவில்லை. நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருடம் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கை, வலது கால், வாயில் பாதி போயிற்று. மகன் மெல்பனிலிருந்தே ஒழுங்கு செய்தான். மாத முடிவில் வீட்டை ஒப்படைக்க வேண்டும், தகப்பன் வத்தளையில் ஒரு வயோதிபர் இல்லத்துக்குப் போகவேண்டும். அங்கே காசு கட்டினால் தனி அறை, இல்லாவிட்டால் எட்டுக் கட்டில் போட்ட ஹோல். மகன் ஹோலுக்குத்தான் கட்டினான். அந்த மாதமேதான் அக்காவின் இடது கண்ணிலும் மின்னல் மாதிரி வெட்டத் தொடங்கியது. அதே வியாதி. இந்த முறை ஆறு லட்சம் என்றார் டொக்டர். நான் கடையை ஈடு வைக்கலாமா என்று ஆட்களிடம் கேட்டுத் திரிந்துகொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில் அவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போகாமல் இருந்திருக்கலாம். அவர் கிடக்கிற கோலத்தைப் பார்க்க ஆசைப்பட்டுப் போனேன், அதுதான் உண்மை. சக்கர நாற்காலியில் சரிந்து இருந்தார். பக்கத்தில் முட்டுக்கொடுத்திருந்த தலையணைக்குக் கீழே இருந்த திறப்பை இடது கையால் தடவி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"சேஃபை விக்க வேணும். நீ பாத்துச் செய், தம்பி." பேச்சு குழறியது. "தங்கச்சியின்ர மற்றக் கண் எப்பிடி?"

நெளிந்த வாயோடு அதைக் கேட்டபோது என்னைக் கேலி செய்கிறார் என்றே பட்டது. "என்ன எதிர்பாக்கிறியள்?" என்று அவருடைய பாணியிலேயே கேட்டேன்.

"நீ ஒண்டு சொல்லு" என்றார். சொல்லிவிட்டு ஃபேனைப் பார்த்தார்.

பழைய வித்தையை என்னிடமே காட்டுகிறார் கிழவன் என்று எனக்கு உச்சியில் ஏறியது. நானும் ஃபேனைப் பார்த்தேன். நெடுநேரம் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் நான் திறப்பைப் பையில் போட்டுக்கொண்டு எழும்பி வந்தேன். ஒரு விலையும் சொல்லவில்லை.

காலிப் பக்கத்தில் பழைய பங்களாவை ஹோட்டலாக்குகிற ஒருவர் வந்து பார்த்தார். திறப்பைப் பூட்டில் போட்டுத் திருப்பிக் காட்டினேன். கேட்காமலே ஒன்பது லட்சம் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். செவ்வாய்க்கிழமை காலை கொட்டாஞ்சேனைக்குப் போய், திறப்பைக் காணிக்கைப் பெட்டியில் போட்டேன். அது யாருக்கு நேர்ந்ததோ அவருக்கே போகட்டும். வியாழக்கிழமை கொலன்னாவையிலிருந்து பழைய இரும்பு எடுக்கிற முதலாளியை லொறியோடு கூட்டிவந்தேன். கிழவரைச் சக்கர நாற்காலியோடு லிஃப்டில் கீழே இறக்கி, பெட்டகத்துக்கு முன்னாலேயே நிறுத்தினேன். பார்க்கட்டும் என்று.

"யத்துர நெத்த?" என்று கேட்டான் இரும்புக்காரன். திறப்பு இல்லையா என்று.

"நே" என்றேன். இல்லைதானே.

கிழவர் என்னை ஒருமுறை பார்த்தார். இரும்புக்காரன் அறுபதாயிரம் எண்ணி அவர் மடியில் வைத்தான். ஆட்கள் கம்பியால் நெம்பி ஏற்றினார்கள். லொறி ஒழுங்கையில் ஏறி, காலி வீதிச் சந்தியில் திரும்பியது. நாலு வருடம் நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"அண்ணை, திறப்போட ஒன்பது லட்சம் தர ஒராள் நிண்டவர். நான்தான் வேண்டாமெண்டனான். திறப்பு இப்ப கோயில் பெட்டிக்குள்ள. உங்களுக்குத் தெரிஞ்சிருக்க வேணும் எண்டு சொல்லுறன்."

அவர் கத்துவார், அழுவார் என்று காத்திருந்தேன். "பொய் ஏதும் சொன்னனீயோ?" என்று கேட்டார்.

"இல்லை."

"லொறி திரும்பிட்டுதோ?"

"திரும்பிட்டுது."

"அப்ப நானும் ஒண்டு சொல்லுறன்." எச்சிலை விழுங்கிவிட்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "நீ ஒரு விலை சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். ஆயிரம் எண்டு சொல்லியிருந்தாலும் உனக்குத் தந்திருப்பன். தங்கச்சியின்ர மற்றக் கண்ணுக்கு எண்டுதான் வச்சிருந்தனான்."

"முதலே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"நீ கேக்கேல்லையே" என்றார்.

இரும்புக்காரனுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. ஓட்டோ பிடித்துக் கொலன்னாவைக்கு ஓடினேன். நான் போகும்போது காஸ் வைத்துக் கதவை இரண்டாக வெட்டி முடித்திருந்தார்கள். பித்தளைத் தகட்டைக் கழற்றி வேறாக ஒரு சாக்கில் போட்டிருந்தான். அதை எடுத்துக்கொண்டு போகிறாயா என்று கேட்டான்.

அங்கிருந்து நேரே அக்காவிடம் போனேன். தையல் மெசினுக்கு முன்னால் இருந்து, ஊசியையும் நூலையும் என்னிடம் நீட்டினாள், கோர்த்துத் தரச்சொல்லி. "பெட்டகம் இண்டைக்குப் போயிட்டுதாமே?" என்று கேட்டாள். "அந்த மனுசன் தனி அறை எடுக்கிற அளவுக்காவது வந்துதோ?"

"நல்ல விலைக்குத்தான் போனது, அக்கா" என்றேன்.

"நல்லது" என்றாள். "பாவம், கிடையில கிடக்கிற மனுசன்."

கடையை ஈடு வைத்துக் காசு புரட்டி முடிக்க எனக்கு ஏழு கிழமை பிடித்தது. கண் ஐந்து கிழமைதான் பொறுத்தது. அவர் வத்தளையில் அந்த ஹோலில் மூன்று மாதம் கிடந்து செத்தார். செத்தவீட்டுக்கு நான் போகவில்லை. அக்கா இப்போதும் காலையில் எழும்பி அந்த மெசினுக்கு முன்னால்தான் போய் இருக்கிறாள், கையைச் சும்மா மடியில் வைத்துக்கொண்டு. பெட்டகம் நல்ல விலைக்குப் போனது என்று நான் சொன்னதை இன்றைக்கும் நம்புகிறாள். அந்த மனுசன் உயிரோடு இருந்திருந்தால் நடக்க முடியாத காலோடு கொட்டாஞ்சேனைக்கு வந்தாவது அவளிடம் உண்மையைச் சொல்லியிருப்பார். எனக்கு வாய் வரவில்லை.